கட்டிலுக்கு மேல் இருந்த மலைகள்

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அது பாதியில் நிற்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை அடி அகலத் தாள். அதில் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஐந்து மலைகள். ஆகத் தூரத்து மலை, வானமா மலையா என்று சொல்ல முடியாத வெளிறிய நீலம். கிட்ட வர வர நிறம் கனத்து, முன்னால் இருந்த சரிவு மழையில் நனைந்த கரும்பச்சை. முன்னாலிருந்து எண்ணினால் இரண்டாவது மலைக்கும் மூன்றாவது மலைக்கும் நடுவில் மட்டும் தாள் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அச்சகத்தில் புரூஃப் திருத்துகிற வேலை. எதைப் பார்த்தாலும் விடுபட்டதைத்தான் கண் தேடும்.

"மாஸ்டர், இந்த இடத்தில கலர் விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "விட்டுப்போனது இல்லண்ணே, விட்டது. அது பனி."

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மேல்மாடி அறையொன்றில் நாங்கள் இருவரும் இருந்தோம். யுத்த காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகியிருந்தது. அவர் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர். என்னுடைய அச்சகமும் கொட்டாஞ்சேனையில்தான். காலையில் ஒரே பஸ்ஸில் போய், மாலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் என்னை அண்ணே என்பார். வீட்டில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவார். பலகையில் தாளை நனைத்துப் பரப்பி, ஓரங்களைக் கோந்து நாடாவால் ஒட்டி, சன்னல் பக்கத்து மேசையில் வைத்துக்கொள்வார். நிறம் கலப்பது சோறு தின்னும் எனாமல் கோப்பையில். முதலில் ஆகத் தூரத்து மலை. அது காய்ந்த பிறகு அடுத்தது. கடல் காற்றில் எதுவும் லேசில் காயாது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவில் நாங்கள் கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"எங்க ஊர்லயும் இப்பிடித்தாண்ணே, பனியில ஒண்ணும் காயாது. நான் காயாத தாள்லயே பழகினவன்" என்பார்.

நான் மலையைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் ஆக உயரமானது கோயில் கோபுரம், அதற்கு அடுத்தது தண்ணீர்த் தாங்கி. ஆகையால் படத்தை மலையாகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. முதலில் வெறும் நிறங்களாகத்தான் தெரிந்தன. பிறகு ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, மூன்றாவது மலை சட்டென்று பின்னால் போய் நின்றது. இடையில் இருந்த வெறுந்தாள் ஆழமாகிவிட்டது. அதற்குள் ஏதோ குளிர் இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. சப்பாத்து நாடாவைக் கட்டாமல் அப்படியே நின்றேன். அன்று பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அந்த மூன்றாவது மலையின் உச்சியில் ஒரு பட்டுப்போன மரம். தூரிகையின் நுனியால் மேலே இழுத்த ஒரே கோடு. அதன் அடியிலிருந்து ஒரு பாதை நூல் மாதிரி இறங்கி, வெறுந்தாளுக்குள் போய்க் காணாமல் போனது. ஒரு மனுசர்கூட இல்லை.

"ஏன் மாஸ்டர் ஆக்களே இல்லை?"

"இருக்காங்கண்ணே. பனிக்குள்ள நின்னு கொழுந்து எடுக்கிறாங்க. சத்தம் கேக்கும், ஆள் தெரியாது. சின்னதுல அம்மாவ அப்பிடித்தான் தேடுவேன், சத்தத்த வச்சு."

அந்த வருடம் எங்கள் அப்பா ஊரில் இறந்துபோனார். செய்தி என் கைக்கு வந்தபோது எட்டு நாள் கடந்துவிட்டது. யுத்தத்தால் ஊருக்குப் போகிற பாதை மூடியிருந்தது. போக வழியில்லை, போயும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் அறையிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தபோது, பலகையிலிருந்து வெட்டியெடுத்த அந்தப் படம் என் தலையணையில் இருந்தது. அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்று சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்றார்.

கொட்டாஞ்சேனையில் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பொதியைப் பிரிக்கச் சொன்னான். பிரித்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "லஸ்ஸனய்" என்றான், அழகாயிருக்கிறது என்று. "நுவரெலியாவா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். பொதியைத் தானே கவனமாகச் சுற்றிக் கொடுத்தான். என் கட்டிலுக்கு மேல், எழும்பியதும் கண்ணில் படுகிற உயரத்தில் அதை மாட்டினேன்.

ஏழெட்டு மாதம் அது அங்கே இருந்தது.

ஒரு சனிக்கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆமிக்காரரும் பொலிசும் எங்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்தார்கள். வீட்டிலிருந்த ஆம்பிளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, அந்தந்த அறைக்காரரை மட்டும் ஒவ்வோர் அறைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஓர் அதிகாரி, துவக்கோடு ஒருவன், தமிழ் வாசிக்கத் தெரிந்த சிவில் உடுப்புக்காரன் ஒருவன்.

அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். என்னுடையது யாழ்ப்பாணத்து விலாசம். அதிகாரி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாஸ்டருடையதைப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த நேரம்வரை பயம் எனக்குத்தான் இருந்தது.

சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார்கள். சட்டங்களுக்குப் பின்னால் கடிதம் ஒளிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கத்தியால் பின்பக்கத்து மண்ணிறத் தாளைக் கிழித்தான் துவக்குக்காரன். கண்ணாடி தரையில் விழுந்து உடைந்தது. படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தது: ஐந்து வளைந்த கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் "4ம் நம்பர்", "7ம் நம்பர்", "11ம் நம்பர்" என்கிற மாதிரிக் குறிப்புகள்.

தெரியாதவர்களுக்கு அது தாக்குதலுக்குப் போட்ட வரைபடம் மாதிரி இருந்திருக்கும். தோட்டங்களில் தேயிலைக் காணிகளுக்கு இலக்கம் உண்டு. ஏழாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை என்றுதான் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அதை மாஸ்டர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். என்னைவிட அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். சிவில் உடுப்புக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு படத்தைத் திருப்பி, பட்ட மரத்தின் மேல் விரலை வைத்தான்.

"டவர்?"

"இல்லைங்க. மரம்."

"இலை இல்லையே."

"பட்டுப்போன மரங்க, மாத்தயா."

அதிகாரி குறுக்கிட்டு, "மேக்க காகெத?" என்று கேட்டார். இது யாருடையது?

கேள்வி என்னைப் பார்த்துத்தான். என் கட்டில், என் தலைமாடு, என் சுவர். ஆணி நான் அடித்தது. என் அட்டை அதிகாரியின் சட்டைப்பையில் இருந்தது.

"எயாகே" என்றேன். அவருடையது.

வரைந்தது அவர், படம் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அந்தளவு சிங்களம் எனக்குத் தெரியும். பஸ்ஸிலும் கடையிலும் தினமும் அதைவிட நீளமாகக் கதைத்திருக்கிறேன். அந்த நேரம் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். கையையும் அவர் பக்கம் நீட்டினேன் என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓவ், மம தமய் எந்தே" என்றார். ஓம், நான்தான் வரைந்தேன்.

ஒழுங்கையிலிருந்து முப்பது பேருக்கு மேல் ட்ரக்கில் ஏற்றினார்கள். மாஸ்டரும் நானும் போனோம்; படத்தை அதிகாரி எடுத்துக்கொண்டார். பொலிஸ் நிலையத்தில் பதிவுப் பத்திரங்களைச் சரிபார்த்துப் பின்னேரம் நாலு மணிக்கு என்னை விட்டார்கள். யாழ்ப்பாணத்து விலாசத்தோடு இருந்த எல்லாரும் அன்றோ மறுநாளோ வெளியே வந்துவிட்டோம். மாஸ்டர் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கார அன்ரி மேலே வந்தார். எங்களுக்குச் சமைத்துப் போட்டு, காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருகிற மனுசி. மாஸ்டரின் கட்டிலுக்குக் கீழே கிடந்த பெரிய மட்டை உறையைக் காட்டினார்.

"அதுக்குள்ள என்ன, தம்பி?"

"படங்கள், அன்ரி."

"எல்லாம் மலையோ?"

"ஓம்."

"திரும்ப வருவாங்கள். அப்ப இது என்னெண்டு கேட்டா என்ன சொல்லுறது? எரிச்சாப் புகை வரும், சனம் பாக்கும். நீர் வாளிக்குள்ள ஊறப்போடும்."

அவருடைய இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் கீழே இருந்தார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததாகவும் ஞாபகமில்லை.

பதினெட்டுப் படங்கள் இருந்தன. குளியலறையில் பெரிய நீல வாளியை நிரப்பி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். அமிழ்த்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் பார்த்தேன். பார்க்காமல் செய்திருந்தால் லேசாக இருந்திருக்கும். ஒன்றில் மலை முழுக்க மழை, தாளில் குறுக்கே ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி. ஒன்றில் மாலை வெயில் ஒரே ஒரு சரிவில் மட்டும் விழுந்திருந்தது, மற்றதெல்லாம் ஊதா. அந்த ஊதாவுக்குள் தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்தின் கூரை வரிசை. நல்ல படங்கள். அவற்றை நல்ல படங்கள் என்று சொல்லக்கூடிய அளவுக்கு என் கண்ணை அவர் பழக்கியிருந்தார். நீலம்தான் முதலில் தாளை விட்டுக் கிளம்பியது. தண்ணீர் கொஞ்ச நேரம் அழகாகக்கூட இருந்தது, பிறகு சேற்று நிறமாகிவிட்டது. தாள் கூழாக இரண்டு நாள் எடுத்தது; கூழிலும் மஞ்சள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாழைமரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

முதல் மாதம் முழுக்க நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. யாழ்ப்பாணத்து அட்டையோடு போய்த் தடுப்பிலிருக்கிறவரை விசாரித்தால் என்னையும் உள்ளே போடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பள்ளிக்கூட அதிபர் கொட்டாஞ்சேனையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். வயதானவர். மேசை முழுக்க இந்த மாதிரிக் கோப்புகள். அவர் என்னிடம் கேட்டார்: "அந்தப் படத்தில இருக்கிற இடம் உண்மையில இருக்கெண்டு காட்ட ஏலுமோ? அது டவர் இல்லை மரம் எண்டு ஒரு ஃபோட்டோ இருந்தா நல்லம்."

இதையாவது செய்ய வேண்டும் என்று பட்டது. அச்சகத்தில் ஒரு கமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

மலையை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். வண்டி ஏற ஏறச் சன்னல் பக்கம் நிறங்கள் அடுக்கடுக்காக வந்தன. தூரத்தில் வெளிறிய நீலம், கிட்ட கரும்பச்சை, நடுவில் வெள்ளை. எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. சந்தோசப்பட முடியவில்லை. முன்சீட்டில் இருந்த பிள்ளைகள் சுரங்கப்பாதை வரும்போதெல்லாம் கூவினார்கள். நான் மடியில் கமராவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மாஸ்டரின் அக்கா லயத்து வாசலில் நின்றார். தாய் இறந்தபிறகு தம்பியைக் கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவர். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். தன் குடும்பத்துக்கு இப்படியொன்று ஏன் நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

"போலீஸ்காரங்க எந்தப் படத்தப் புடிச்சாங்க?"

விவரித்தேன். அவர் முகம் மாறியது.

"அது ஒங்களுக்குக் குடுத்த படமில்ல? லெட்டர்ல எழுதியிருந்தான். அண்ணே கண்ணாடி போட்டு அவரு கட்டிலுக்கு மேல மாட்டியிருக்காருன்னு."

"ஓம்."

"அப்ப ஒங்கள ஏன் புடிக்கல?"

அவர் குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல வரவில்லை.

"அது அவரின்ர எண்டு நான் சொன்னன், அக்கா. பயத்தில."

அவர் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. பனி எறங்கிருச்சுன்னா ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் இருக்கப்பவே எடுத்துருங்க."

ஒரு மணித்தியாலம் ஏறினோம். அவர் முன்னால், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு. மேலே போனதும் மரம் நின்றது. பட்ட மரம், கிளையெல்லாம் உடைந்து ஒற்றைக் கம்பமாக. அதன் அடியிலிருந்து பாதை இறங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் அந்த வெளிறிய நீல மலைகள் இல்லை. ஒரு பாறைச் சுவர்தான் இருந்தது.

"மற்ற மலைகள் எங்க, அக்கா?"

அவர் யோசித்தார். "அது இங்கருந்து தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகணும். அவன் ரெண்டையும் சேத்துப் போட்டிருக்கான்."

கொழும்பில், கடலைப் பார்த்த சன்னலடியில் இருந்துகொண்டு, தனக்கு வேண்டிய மலைகளை அவர் ஒரே தாளில் கூட்டிவைத்திருக்கிறார். அவற்றை ஒரே பார்வையில் காட்டுகிற இடம் எங்கேயும் இல்லை. அங்கே நின்றபோதுதான் அந்தப் படம் எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு விளங்கியது. நான் கொண்டுபோன கமராவால் அதை நிரூபிக்க முடியாது என்பதும் விளங்கியது. இரண்டு இடத்திலும் படம் எடுத்தேன்.

சட்டத்தரணி ஃபோட்டோக்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதில மரம் இருக்கு, மலை இல்லை. அதில மலை இருக்கு, மரம் இல்லை. இதைக் குடுத்தா, ஏன் இடத்தை மாத்திக் கீறினவர் எண்டு கேப்பினம்."

"அழகுக்காக."

"அதை நான் கோர்ட்டில எப்பிடிச் சொல்லுறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார். ஃபோட்டோக்கள் கோப்புக்குள் போகவேயில்லை.

மாஸ்டரைப் பதினாலு மாதம் வைத்திருந்தார்கள். முதலில் கொழும்பில், பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாமில். அங்கே இரண்டு முறை போனேன். உறவினர் இல்லை என்று உள்ளே விடவில்லை. சவர்க்காரமும் பற்பசையும் பிஸ்கட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பிறகு ஒருநாள், குற்றப்பத்திரம் எதுவுமில்லாமல், விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விடுகிறோம் என்றும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் அறைக் கதவைத் தட்டினார். முன்பற்கள் இரண்டு இல்லை. இடது காதுப் பக்கம் நின்று கதைத்தால் முகத்தைத் திருப்பி மற்றக் காதைக் கொடுத்தார். அன்ரி சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதார். மாஸ்டர் முழுச் சோற்றையும் தின்றார், வேகமாக, கோப்பையை மறுகையால் பிடித்துக்கொண்டு.

சாப்பிட்டு முடிந்ததும் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"மத்தப் படமெல்லாம்?"

"வாளித் தண்ணிக்குள்ள போட்டுக் கரைச்சிட்டன், மாஸ்டர்."

நிமிர்ந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எல்லாக் கலரும் போயிருச்சா?"

"மஞ்சள் மட்டும் போகேல்ல."

"ஆமா. அந்த மஞ்சள் போகாது" என்றார், வகுப்பில் சொல்கிற மாதிரி.

மூன்று நாள் தங்கினார். பள்ளிக்கூடத்தில் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். படத்தைத் திருப்பிக் கேட்டு மனுப் போடலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஊருக்குப் போகிற நாள் காலையில் அவர் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன். மூன்று நாளாகச் சொல்ல நினைத்தது.

"அது நீங்கள் எனக்குத் தந்த படம். என்ர சுவரில இருந்தது. நான் அதைச் சொல்லேல்ல."

"தெரியும்ணே. நான் பக்கத்துலதானே நின்னேன்."

சேர்ட்டை மடித்தார். திரும்ப விரித்து மடித்தார்.

"நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன்னு ஒங்ககிட்ட சொல்லணும்னு உள்ள இருக்கப்ப நெனச்சேன். சொன்னா ஒங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா தெரியலண்ணே. நான் அப்பிடிச் சொல்லியிருப்பேனான்னு எனக்குத் தெரியல."

கோட்டை ரயில் நிலையம்வரை வருகிறேன் என்றேன். வேண்டாம், வேலைக்குப் போங்க என்றார். பிரதான தெருவான காலி வீதிவரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்தது, ஏறினார். நூறு மீற்றர் தள்ளிச் சோதனைச் சாவடியில் அதை மறித்து ஆட்களை இறக்கினார்கள். நான் பஸ் நிறுத்தத்திலேயே நின்று பார்த்தேன். வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக, அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி அவர் நின்றார். சிப்பாய் ஏதோ கேட்டான். அவர் முகத்தைத் திருப்பி நல்ல காதைக் கொடுத்தார். இன்னொரு முறை கேட்டான். பதில் சொன்னார். வரிசை நகர்ந்தது, எல்லாரும் ஏறினார்கள், பஸ் போய்விட்டது.

இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. மூன்றாவது போடவில்லை.